ஒரு சீமையின் பொருளாதாரத்தை எப்படி அளக்கிறார்கள்?



போன வருஷம் லெவலிங் பிராக்டிகலுக்காக எங்கள் பேட்ச் சிறுசேரிப் பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போனது. நான் டம்பி லெவலில் கண்ணை வைத்து ரீடிங் சொல்ல, ஒருவன் ஃபீல்டு புக்கில் எழுத, இன்னும் மூன்று பேர் ஸ்டாஃப் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றார்கள். (அந்த மூன்று பேர் யார் என்று அவர்களுக்கே தெரியும்.) மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருக்குப்பா அளக்கிறீங்க? எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல தாத்தா. நாங்க படிக்கிற பசங்க. மார்க்குக்காக அளக்கிறோம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. "மொதல்ல இப்படித்தான் மூணு காலை நட்டு அளப்பாங்க. அப்புறம் கல்லு. அப்புறம் வேலி" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

அதே மாதம் ஒரு நாள் டிவியில் காஸா செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பாலஸ்தீனப் பொருளாதாரம் இத்தனை பங்கு சுருங்கிவிட்டது என்று படித்தார்கள். பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "குண்டு விழற எடத்துல யாருடா போய் அளந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர், "பாலஸ்தீனம் இருக்கட்டும், உன் செங்கல்பட்டுச் சீமையை யார் யார் அளந்தாங்கன்னு தெரியுமா? அதை முதல்ல படி, அது தன்னால புரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பாடம் சிவில், பொருளாதாரம் இல்லை. ஆனால் சர்வே என்றால் இரண்டு துறைக்கும் சர்வேதான்.

கம்பெனிக்காக அளந்த முதல் ஆள்

படிக்க ஆரம்பித்ததும் முதலில் தலையில் குட்டியது அந்தப் பெரியவரின் கேள்விதான். ஏனென்றால் நம் சீமையை ஊர் ஊராக அளந்த பெரிய சர்வே ஒரு கம்பெனிக்காகவே நடந்தது. 1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஜாகீர் என்றால் அந்த மண்ணின் வரி வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. கொடுத்தாகிவிட்டது, அதிலே எவ்வளவு தேறும் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளக்க அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை சுமார் 2000 ஊர்களை அவர் அளந்தார்.

அவர் நிலத்தை மட்டும் அளந்திருந்தால் நமக்கு இன்றைக்கு ஒரு பழைய மேப் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஊர்க் கணக்கப்பிள்ளைகளின் ஓலைக் கணக்குகளும் சேர்ந்ததால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை வீடு, எந்த வீட்டில் என்ன தொழில், நஞ்சை எத்தனை காணி, புஞ்சை எத்தனை காணி, ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, யார் யாருக்கு மானியம் என்று வரிசையாக வருகிறது. ஒரு காணி என்பது ஏறக்குறைய 1.32 ஏக்கர்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி களத்துக் கணக்கு. நெல் அடித்துக் குவித்ததும், அரசுக்கு மேல்வாரம், பயிர் வைத்தவருக்குக் குடிவாரம் என்று பிரிப்பதற்கு முன்பே, பொதுக் குவியலிலிருந்து பலருக்குப் பங்கு போய்விடும். தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கணக்கருக்கு, கோயிலுக்கு என்று மரக்கால் கணக்கில் அளந்து கொடுத்திருக்கிறார்கள். இதைப் படிப்பவர் ஓர் ஊரின் சம்பளப் பட்டியலையே படிக்கிறார். ரொக்கம் அதிகம் புழங்காத ஒரு பொருளாதாரத்தை, நெல் எந்த வழியாக எந்த வீட்டுக்குப் போனது என்று பின்தொடர்ந்தே வரைந்துவிடலாம்.

இதே கணக்கை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பக்கம் போனது இன்னும் சுவாரசியம். காந்தியவாதி தரம்பால் இந்த ஆவணங்களின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜே. கே. பஜாஜ், எம். டி. சீனிவாஸ் இருவரும் அந்த வழியில் உழைத்து, இந்த ஊர்கள் தாமே தம்மை நிர்வகித்துக்கொண்டு ஏராளமாக விளைவித்தன என்று காட்டினார்கள். ஜப்பானைச் சேர்ந்த மிசுஷிமா சுகாசா இதே எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஜி.ஐ.எஸ். மேப்பில் வைத்து, மிராசு உரிமை எந்த ஊரில் யார் கையில் இருந்தது என்று ஆராய்ந்தார். அமெரிக்க வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் 1994-ல் வெளியிட்ட நூலில், இந்தச் சீமையைப் பற்றிய அறிவை வெள்ளைக்காரர்கள் மட்டும் தனியாக உண்டாக்கவில்லை, ஊர்க்காரர்களும் தங்கள் தேவைக்கேற்பச் சொல்லிச் சொல்லி அதை உருவாக்கினார்கள் என்று வாதாடுகிறார். அதாவது கேட்டவனுக்கு ஒரு நோக்கம், பதில் சொன்னவனுக்கும் ஒரு நோக்கம்.

எனக்கு இர்ஷிக் சொல்வதுதான் சரியென்று படுகிறது. ரேஷன் கார்டு விசாரணைக்கு அதிகாரி வீட்டுக்கு வரும்போது டிவியை எடுத்து உள்ளே வைக்காத தெரு நம் பக்கத்தில் உண்டா?

1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது இந்தச் சீமை நாசமானது. ஊர்கள் காலியாயின. அதன் பிறகு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1799-ல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். (மதுராந்தகம் ஏரிக்கரையை ராமர் காத்த கதையில் வருகிற கலெக்டர் இவர்தான்.) ஆக, போருக்கு முன் பர்னார்டு, போருக்குப் பின் பிளேஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆய்வாளர் கவனமாக இருக்க வேண்டும். பிளேஸ் காலத்து விளைச்சலைப் பார்த்து "இந்த ஜனங்கள் எப்பவுமே ஏழைகள்" என்று எழுதிவிடக் கூடாது. அது அடிபட்டு எழுந்த சீமையின் கணக்கு.

வீடு கணக்கில் இருக்கிறது, மனை இல்லை

பர்னார்டு கணக்கில் உழைக்கும் சாதியாரின் வீடுகளும் எண்ணப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கையில் வந்துவிட்டால் போதுமா? நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1891-ல், செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே அதன் பொருள். அவர்கள் குடியிருக்கிற மனைகூட அவர்களுடையது இல்லை, மிராசுதாரர் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம் என்று அதில் எழுதினார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை, அதனால் கூலிக்காரன் எந்தக் காலத்திலும் நிலம் பெற முடியவில்லை என்றும் காட்டினார். எல்லாம் சட்டப்படியே நடந்தது என்பதுதான் கொடுமை.

இந்த அறிக்கைக்குப் பிறகு 1892-ல் வந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி பின்னால் கைமாறிப் போனது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஒரு கலெக்டர் 1891-ல் எழுதிய கணக்கு, 103 வருஷம் கழித்து ரோட்டுக்கு வந்தது. பொருளாதார ஆய்வு என்றால் லைப்ரரியில் தூங்கும் சமாச்சாரம் என்று நினைக்கும் நண்பர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

மாணவர்கள் எடுத்த கணக்கு

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். அவர் செய்த காரியம் ரொம்ப எளிது. மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகிறபோது உங்கள் ஊரைப் பற்றி விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். 1916-ல் எடுத்த அந்தக் கணக்குகள் 1918-ல் புத்தகமாயின. ஆமாம் நண்பர்களே, தென்னிந்தியக் கிராமப் பொருளாதார ஆய்வில் இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டும் புத்தகத்தில் நம்மைப் போன்ற மாணவர்களின் உழைப்பு இருக்கிறது.

அந்த ஊர்களில் நமக்குக் கிட்டே இருப்பது தூசி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டினால் வரும். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், ராமநாதபுரச் சீமையின் வடமலைபுரம் ஆகியவையும் உண்டு.

ஸ்லேட்டர் ஒருமுறை அளந்ததோடு இது முடியவில்லை. 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். 1960-களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் போனார். இருவேல்பட்டுக்கு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரைக் கிட்டத்தட்ட 90 வருஷம் பார்த்திருக்கிறார்கள்! 1916-ல் அங்கே படியாள் முறை இருந்தது. கடன் வாங்கியவன் ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடப்பான். பிற்பாடு அந்த முறை மறைந்தது, பெரிய நிலக்குடும்பத்தின் பிடி தளர்ந்தது, ஜனங்கள் வயலுக்கு வெளியே வேலை தேடிக்கொண்டார்கள். ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தவர் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. லெவலிங்கில் பெஞ்ச் மார்க் இல்லாமல் எடுத்த ரீடிங்குக்கு என்ன மதிப்பு? 1916-தான் அவர்களுக்குப் பெஞ்ச் மார்க்.

நம் மாவட்டத்து ஊர்களில் வருஷக்கணக்காகத் தங்கி ஆராய்ந்தவர் ஜோன் மென்ச்சர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1978-ல் அவர் புத்தகம் வந்தது. நெல் ரகங்கள், கூலி, சாதி எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே விளங்காது என்பது அவருடைய கட்சி.

இப்போது பாலஸ்தீனம்

ஆசிரியர் சொன்னது சரிதான். மேலே சொன்னது புரிந்தால் பாலஸ்தீனம் பாதி புரிந்த மாதிரி. அங்கேயும் முதலில் கணக்கு எடுத்தவன் ஆண்டவன்தான் (கடவுள் இல்லை, ஆட்சி செய்தவன்). 1930-ல் பிரிட்டிஷ் ஆட்சி 104 கிராமங்களில் விவசாயிகளின் வருமானத்தையும் கடனையும் விசாரித்தது. அதே வருஷம் நிலப் பிரச்சினை பற்றி அறிக்கை எழுதிய ஜான் ஹோப் சிம்சன் அதற்கு முன் இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். நம்மிடம் பழகிய கையை அங்கே கொண்டுபோனார் என்று வைத்துக்கொள்ளலாம். 1967-க்குப் பிறகு கணக்கு இஸ்ரேல் கைக்குப் போனது. பாலஸ்தீனர்களுக்கென்று சொந்தப் புள்ளிவிவர அலுவலகம் 1993-ல்தான் வந்தது, அவர்களே நடத்திய முதல் மக்கள்தொகைக் கணக்கு 1997-ல். தன்னைத் தானே எண்ணிக்கொள்ள ஒரு ஜனத்துக்கு அவ்வளவு காலம் ஆனது.

அந்தப் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்களுக்கு நம் பாடப்புத்தகத்துச் சூத்திரங்கள் நேராக உதவாது. ஒரு நாட்டுக்கு எல்லை இருக்கும், சொந்த நாணயம் இருக்கும், சுங்கம் இருக்கும் என்று அந்தச் சூத்திரங்கள் வைத்துக்கொள்கின்றன. அங்கே 1994-ல் பாரிஸில் போட்ட உடன்படிக்கையின்படி இறக்குமதிச் சுங்கத்தை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் கூலி பிடித்துக்கொண்டு, மீதியைப் பாலஸ்தீன நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். ஜாகீர் ஞாபகம் வருகிறதல்லவா? இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வசூலிக்கும் கையும் செலவு செய்யும் கையும் வேறு வேறாக இருக்கும்போது என்ன ஆகும் என்பது இரண்டு இடத்திலும் உள்ள கேள்வி.

இன்னொரு சிக்கல். மேற்குக் கரையிலிருந்து ஏராளமானவர்கள் இஸ்ரேலுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அவர்கள் கட்டிய கட்டடம் இஸ்ரேலின் உற்பத்தியில் சேரும், வாங்கி வந்த கூலி பாலஸ்தீனக் குடும்பத்தின் வருமானத்தில் சேரும். அதனால் உள்நாட்டு உற்பத்தி ஒரு எண், தேசிய வருமானம் அதைவிடப் பெரிய எண். கடையில் கூட்டம் இருக்கும், பட்டறையில் வேலை இருக்காது. 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த வேலை பெரும்பாலோருக்கு நின்றபோது எவ்வளவு ஆட்டம் கண்டது என்பது தெரிந்ததே. 1980-களில் காஸாவில் இருந்து ஆராய்ந்த சாரா ராய், இதற்கெல்லாம் 'பின்தங்கிய நிலை' என்ற சொல் போதாது என்றார். பின்தங்கியவன் மெதுவாகவாவது முன்னே வருவான். இங்கே வளர்வதற்கான வேரையே பிடுங்குகிறார்கள் என்று சொல்லி, அதற்கு வளர்ச்சிச் சிதைவு என்று பொருள்படும் புதுச் சொல்லை உண்டாக்கினார். அதை விளக்கும் அவர் புத்தகம் 1995-ல் வந்தது.

நண்பன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆள் போக முடியாத இடத்தை வானத்திலிருந்து அளக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் கட்டடங்களை எண்ணி எது நின்றது, எது விழுந்தது என்று பார்க்கிறார்கள். 2024 ஜனவரி வரையில் காஸாவின் கட்டுமானச் சேதம் மட்டும் சுமார் 18.5 பில்லியன் டாலர் என்று உலக வங்கியும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து மதிப்பிட்டன. இரவில் தெரியும் விளக்கு வெளிச்சத்தை வைத்துப் பொருளாதார நடமாட்டத்தைக் கணிப்பது இன்னொரு முறை. ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு 2022-ல் மேற்குக் கரையில் 60 சதவீதம் வரும் 'சி' பகுதியை அப்படித்தான் ஆராய்ந்தது.

நம் ஊரின் வெளிச்சம்

அதைப் படித்த ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். சிறுசேரி சிப்காட் பக்கம் வானமே வெளுத்துக் கிடந்தது. கேளம்பாக்கத்து உப்பளப் பக்கம் இருட்டு. செயற்கைக்கோள் இதை எப்படிப் படிக்கும்? சிறுசேரி அமோகமாக வளர்ந்துவிட்டது என்று படிக்கும். அது பொய்யும் இல்லை. நானே படித்து முடித்து அந்த வெளிச்சத்துக்குள் ஒரு வேலை கிடைக்காதா என்று பார்க்கிறவன்தான். ஆனால் வெளிச்சம் யாருடைய வீட்டுக்குள் வந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதற்கு ஸ்லேட்டர் மாணவர்களைப் போல் நோட்டோடு போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டினேன். பொங்கல் லீவில் எங்கள் தெருவில் ஒரு பட்டியலோடு இறங்கினேன். பெயர், தொழில், நிலம், கடன், இப்படி எட்டு காலம். முதல் வீட்டிலேயே "இதனால என்ன தருவாங்க?" என்று கேட்டார்கள். ஒன்றும் தர மாட்டார்கள் என்றதும் பாதிப் பேருக்கு வேலை வந்துவிட்டது.

கஷ்டம் என் வீட்டில்தான் வந்தது. அம்மாவின் தொழில் என்று என்ன எழுதுவது? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறார்கள், மற்ற மாதங்களில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ் கீப்பிங். சென்ஸஸில் ஆறு மாதத்துக்குமேல் வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளி, குறைவாகச் செய்தவர் குறுகிய காலத் தொழிலாளி. அம்மாவிடம் கேட்டால், "வேல இல்லாத நாளுன்னு ஒண்ணு இருந்தாத்தானே கணக்குச் சொல்ல? எழுதிக்கோ, வேலன்னு" என்கிறார்கள்.

தாத்தாவிடம் நிலம் காலத்துக்கு வந்தேன். "இல்லை" என்று எழுதப் போனேன். "ஏன்டா இல்லைங்கிற? நாப்பது வருஷம் உழுதேனே" என்றார். எங்கள் குடும்பத்தில் யார் பேரிலும் பட்டா கிடையாது. அவர் உழுத நிலம் ஒரு நாள் கைமாறியபோது பணம் பட்டாதாரருக்கு வந்தது, அது முறைதான். உழுதவருக்கு என்ன வந்தது என்று கேட்க எந்தப் படிவத்திலும் காலம் இல்லை. டிரெமென்ஹீரைப் படித்திருக்காவிட்டால் நானும் "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். பேனாவால் ஒன்பதாவதாக ஒரு காலம் கோடு போட்டேன். தலைப்பு: உழுத நிலம். தாத்தா, ஏரிக்குக் கீழே மதகுப் பக்கம் எந்தெந்த வயல், எதில் எந்த நெல் போட்டார், எது யாருடையது, இப்போது அங்கே என்ன நிற்கிறது என்று ஒரு மணி நேரம் சொன்னார். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். மறுநாள் விட்டுப்போன வீடுகளுக்குத் திரும்பப் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன். முந்தின நாள் வேலை இருக்கிறது என்றவர்கள்கூட உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

தெரு இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. எனக்கோ கடைசி செமஸ்டர், பிராஜெக்ட். நோட்டை மாணவர் சங்க அறையில் கொடுத்துவைக்கிறேன். அடுத்த வருஷம் ஏரிக்கரைக்கு லெவலிங் போகிற ஜூனியர்கள், ஸ்டாஃப் பிடிக்காமல் மரத்தடியில் நிற்கிற நேரத்தில், மீதி வீடுகளை முடிக்கலாம். எந்தத் தேதியில் யார் கேட்டது என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். பக்கத்தை மட்டும் கிழிக்காதீர்கள்.